சிம்பாங் காபியில் காபி கிடையாது

2018 செப்டம்பர் முதல் தேதி. இரவு ஷிஃப்ட் முடிந்து, அலுவலகத்துக்குக் கீழே இருந்த சூப்பர் மார்க்கெட்டில் பால் வாங்க நுழைந்தேன். வெளியே மணிலா மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கிறிஸ்துமஸ் பாட்டு. யாரோ கைதவறிப் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே பில் போடும் இடத்துக்கு வந்தால், அங்கே ஒரு பெண் ஸ்டூல் மேல் ஏறி நின்று நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் பிள்ளையார் சதுர்த்தியே இன்னும் வந்திருக்கவில்லை.

அடுத்த ஷிஃப்டில் பக்கத்து சீட்டில் இருந்தவரிடம் கேட்டேன். பாவமாக என்னைப் பார்த்தார். செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று 'பர்'ரில் முடிகிற மாதம் எல்லாம் பிலிப்பைன்ஸில் கிறிஸ்துமஸ் மாதமாம். 'பர் மாதங்கள்' என்றே பெயர். ஆகஸ்ட் கடைசியிலேயே கைப்பேசிகளில் கேலிப் படங்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். ஹோசே மாரி சான் என்ற பாடகர் கதவு இடுக்கிலிருந்து சிரித்துக்கொண்டே எட்டிப் பார்ப்பார். அவர் 1990இல் பாடிய ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு செப்டம்பர் பிறந்ததும் கடை கடையாக ஒலிக்கத் தொடங்கி, ஜனவரி வரை ஓயாது. செப்டம்பர் 16 அன்று டிவி செய்தியில் 'இன்னும் நூறே நாள்' என்பார்கள். எண்ணிப் பார்த்தேன், கணக்கு சரிதான்.

கிறிஸ்துமஸுக்கு அவர்கள் சொல் 'பாஸ்கோ'. நம்மூர்க் கத்தோலிக்கர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும், ஏனென்றால் அவர்களுக்குப் பாஸ்கா என்றால் ஈஸ்டர். ஸ்பானிஷ் மொழியில் 'பாஸ்குவா' இரண்டு திருநாளுக்கும் பொருந்தும். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஸ்பெயின் ஆண்ட தீவுகளில் கிறிஸ்து பிறப்பு அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. ஈஸ்டருக்கு 'உயிர்த்தெழுதலின் பாஸ்கோ' என்று நீட்டி முழக்க வேண்டியதாகிவிட்டது. எது பெரிய திருநாள் என்று மறைக்கல்வி வகுப்பில் என்ன சொல்லிக் கொடுத்தாலும் சரி, ஜனங்கள் முடிவெடுத்துவிட்டார்கள்.

நான்கு மாதம் எதற்கு என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. கடைக்காரர்களின் வேலை என்று முதலில் நினைத்தேன். அதுவும் உண்டு. ஆனால் அந்தப் பக்கத்து சீட்டுக்காரரின் வீட்டைப் பார்த்த பிறகு வேறு மாதிரி தோன்றியது.

அவரை ஆச்சி என்று சொல்கிறேன். பம்பாங்கா மாகாணத்துக்காரர். அங்கே பேசும் கபம்பாங்கன் மொழியில் மூத்த சகோதரி 'ஆச்சி'. தம்பி போனில் அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டதும், காரைக்குடிப் பக்கம் வளர்ந்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் பக்கத்து வீட்டுச் செட்டியார் குடும்பத்திலும் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அதனால் நானும் ஆச்சி என்றே கூப்பிட ஆரம்பித்தேன். அவருக்கு அதில் ஒரே சிரிப்பு.

ஆச்சியின் அம்மா ஹாங்காங்கில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். பிள்ளைகளை வளர்த்தது பாட்டி. அக்டோபர் முதல் வாரம் ஒருநாள் ஆச்சி அலுவலகத்துக்கு ஒரு வெள்ளைத் தாள் கொண்டுவந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். அதில் பென்சிலால் ஒரு குழந்தையின் பாதம் வரைந்திருந்தது. தாளின் மேல் தங்கை மகனை நிற்க வைத்து, குதிகாலைச் சுற்றி, விரல்களைச் சுற்றிக் கோடு இழுத்திருக்கிறார்கள். பெருவிரல் பக்கம் அவன் ஆடியிருக்க வேண்டும், கோடு இரண்டாக ஓடியது. அம்மா அந்த அளவுக்கு ஷூ வாங்கிப் பெட்டியில் போட வேண்டும்.

பெட்டி என்றால் சாதாரணப் பெட்டி இல்லை. 'பாலிக்பாயான் பெட்டி'. பாலிக்பாயான் என்றால் நாடு திரும்புகிறவர் என்று பொருள். 1973இல் வெளிநாட்டில் இருப்பவர்களை விடுமுறைக்கு ஊருக்கு அழைக்க அரசு தொடங்கிய திட்டத்தில் பிரபலமான சொல். பிறகு ஆள் வர முடியாதபோது ஆளுக்குப் பதிலாக வருகிற அட்டைப்பெட்டிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இடுப்பளவு உயரம். துண்டு, சோப்பு, பற்பசை, டின் இறைச்சி, சாக்லேட், லோஷன் என்று இடுக்கு விடாமல் திணித்து, டேப்பை வரிந்து வரிந்து சுற்றிக் கப்பலில் ஏற்றுவார்கள். அமெரிக்காவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வர ஒன்றரை இரண்டு மாதம் ஆகும். ஹாங்காங் பக்கம்தான், ஆனாலும் டிசம்பர் நெரிசலில் துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளும் என்று ஆச்சியின் அம்மா அக்டோபரிலேயே அனுப்பிவிடுவார். 2015இல் சுங்கத் துறை இந்தப் பெட்டிகளைத் திறந்து பார்க்கப் போகிறோம் என்று சொன்னபோது நாடே கொதித்தது. வரியைவிடவும், அம்மா மடித்து வைத்த துணியை எவனோ கலைப்பான் என்கிற கோபம் அது. கடைசியில் ஜனாதிபதியே தலையிட்டு நிறுத்த வேண்டியிருந்தது.

20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளிநாட்டில் வேலை பார்க்கிற நாடு. கடல் தாண்டி வர வேண்டிய பண்டிகைக்கு டிசம்பரில் ஆரம்பித்தால் போதாது, செப்டம்பரிலேயே கிளம்ப வேண்டும். பர் மாதங்களுக்கு நான் கண்டுபிடித்த காரணம் இது. ஆச்சி இதை ஒப்புக்கொள்ளவில்லை. "எங்களுக்கு விசேஷம் பிடிக்கும், அவ்வளவுதான்" என்றார்.

டிசம்பர் பிறந்ததும் அலுவலகத்தில் வேலை என்று ஒன்று நடந்ததா என்று சந்தேகம். 13வது மாதச் சம்பளம் வந்தது. நம் தீபாவளி போனஸ் மாதிரிதான், ஆனால் அங்கே சட்டம். 1975 டிசம்பரில் ஜனாதிபதி மார்க்கோஸ் ஆட்சியில் போட்ட ஆணைப்படி, டிசம்பர் 24க்குள் கையில் கொடுத்தாக வேண்டும். அதற்கப்புறம் சீட்டுக் குலுக்கிப் போட்டு ரகசியமாகப் பரிசு கொடுக்கிற 'மொனீத்தோ மொனீத்தா'. வாரத்துக்கு ஒரு புதிர்: இந்த வாரம் 'ஏதாவது மிருதுவானது', அடுத்த வாரம் 'ஏதாவது நீளமானது'. நீளமானது வாரத்தில் எனக்கு ஒரு ஷூ லேஸும் மூன்றடி முள்ளங்கி பொம்மையும் வந்தன. குழு நடனப் போட்டியில் என்னையும் நிறுத்தினார்கள். அதைப் பற்றி எழுதுவதாக இல்லை.

டிசம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை ஆச்சி என்னை சான் பெர்னாண்டோவுக்குக் கூட்டிப்போனார். பம்பாங்காவின் தலைநகரம், மணிலாவுக்கு வடக்கே 70 கிலோமீட்டர் போல. நம்மூர் கிறிஸ்தவ வீடுகளில் வாசலில் காகித நட்சத்திரம் தொங்குமே, அதற்கு இங்கே 'பரோல்' என்று பெயர். விளக்கைக் குறிக்கும் ஸ்பானிஷ் சொல்லிலிருந்து வந்தது. மூங்கில் குச்சி கட்டி, மெல்லிய காகிதம் ஒட்டி, இரண்டு வால் விட்டால் எளிய பரோல். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்று செய்தாக வேண்டும். அதை வெட்டி ஒட்டி அப்பாவோ அம்மாவோதான் முடித்துக் கொடுப்பார்கள் என்பது வேறு விஷயம். கடையில் கப்பீஸ் என்கிற மெல்லிய சிப்பி ஓட்டில் செய்ததும் கிடைக்கும்.

சான் பெர்னாண்டோவில் நான் பார்த்தது அந்த ரகம் இல்லை. ஆறு மீட்டர் குறுக்களவில், வட்ட வடிவில், ஆயிரக்கணக்கான பல்புகளோடு ஊர் ஊராகப் போட்டிக்கு நிற்கும் ராட்சத விளக்குகள். இசைக்கு ஏற்றபடி உள்ளிருந்து வெளியே பூ விரிகிற மாதிரி, பம்பரம் சுற்றுகிற மாதிரி, நெருப்புப் பற்றுகிற மாதிரி வண்ணங்கள் ஓடும். எல்லாம் கம்ப்யூட்டர் என்று நினைத்தேன். ஆச்சியின் மாமா ஒருவர் அந்தக் குழுவில் இருந்ததால் பின்னால் போய்ப் பார்க்க முடிந்தது.

பின்னால் இருந்தவை பெரிய இரும்பு உருளைகள். ஒவ்வொன்றையும் ஆள் நின்று கையால் சுற்றுகிறார். உருளை மேல் வரிசையாக ஹேர்பின்கள் உரசிக்கொண்டு நிற்கின்றன. ஆமாம், பெண்கள் கொண்டையில் குத்துகிற அதே ஹேர்பின்தான். ஒவ்வொரு பின்னிலிருந்தும் ஒரு வயர் ஒரு கொத்து பல்புக்குப் போகிறது. உருளையில் அங்கங்கே டேப் ஒட்டியிருக்கிறார்கள். பின் வெறும் இரும்பைத் தொட்டால் பல்பு எரியும், டேப்பைத் தொட்டால் அணையும். டேப்பை எங்கே, எவ்வளவு நீளம் ஒட்டுவது என்பதில்தான் மொத்தக் கலையும் இருக்கிறது. மாமா பாட்டைக் கேட்டுக்கேட்டு, இரவிரவாக உட்கார்ந்து அங்குலம் அங்குலமாக ஒட்டியிருக்கிறார். முன்னால் கூட்டம் ஓவென்று கத்திக்கொண்டிருக்க, பின்னால் நாலைந்து பேர் பனியனோடு வியர்த்து விறுவிறுத்து உருளையைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தேருக்குச் சறுக்குக்கட்டை போடுகிறவர்கள் முகத்தில் இருக்குமே, அந்தக் கவனம். அவர்களுக்கு முன்பக்கம் தெரியவே தெரியாது. அந்த வருஷம் மாமாவின் ஊர் ஜெயிக்கவில்லை. நடுவர்களைப் பற்றி அவர் சொன்னதை ஆச்சி எனக்கு மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

இனி விடியற்காலைப் பூசை.

'சிம்பாங் காபி' என்று முதன்முதலில் கேட்டபோது ஏதோ காபி வகை என்றுதான் நினைத்தேன். 'காபி' என்றால் மணிலாவில் பேசும் தகலாக் மொழியில் இரவு. இரவுப் பூசை. டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள், இருட்டு பிரியும் முன். வயலுக்குப் போகிற ஜனங்களுக்குத் தோதாக ஸ்பானியர் காலத்தில் விடியலுக்கு முன்பே வைத்தார்கள் என்கிறார்கள். 24 விடியலோடு ஒன்பதும் முடியும், அன்று நள்ளிரவுப் பூசைக்குச் 'சேவல் பூசை' என்று பெயர். ஒன்பதையும் விடாமல் முடித்தால் நினைத்தது நடக்கும் என்று நம்பிக்கை. இது ஒன்றும் மந்திரம் இல்லை என்று பாதிரியார்கள் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறார்கள். ஜனங்களும் ஒவ்வொரு வருஷமும் எண்ணிக்கொண்டு போகிறார்கள்.

தேதியைக் கவனித்தீர்களா? டிசம்பர் 16. அநேக வருஷம் நமக்கு அன்றுதான் மார்கழி ஒன்று. எனக்கு இது பெரிய ஆச்சரியம். அதே நாலரை மணி, அதே ஒலிபெருக்கி, தலையில் மஃப்ளரோடு அரைத்தூக்கத்தில் நடக்கிற அதே பிள்ளைகள், முடிந்ததும் கையில் சூடாக ஏதாவது கிடைக்கும் என்கிற அதே ஆசை. எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் பொங்கலுக்காக மட்டும் எழுந்த பையன்களை எனக்குத் தெரியும். இங்கேயும் அந்தக் கோஷ்டி உண்டு.

ஒரு வித்தியாசம். வயலுக்குப் போகும் முன் வந்தவர்கள் போக, இப்போது வேலை முடிந்து வருகிறவர்கள் கூட்டம் இருக்கிறது. பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கால் சென்டர் மாதிரி வேலைகளில் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பகல் அவர்களுக்கு இரவு. ஆச்சி மணிலாவில் இருந்த நாட்களில் நான்கு மணிக்கு ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு நாலரைப் பூசைக்கு ஓடுவார். கழுத்தில் அலுவலக அட்டை தொங்கும். அந்த வரிசையில் பாதிப் பேர் கழுத்தில் தொங்கியது. காலையில் எழ முடியாதவர்களுக்காக நகரங்களில் முந்தின நாள் மாலையிலேயே பூசை வைக்கிறார்கள். ஆச்சியின் பாட்டி அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்.

பாட்டியை 'அப்பு' என்று கூப்பிடுகிறார்கள். 21ஆம் தேதி விடுப்பு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். சான் பெர்னாண்டோவுக்குப் பக்கத்தில் பகோலோர். வாசலில் ஆச்சி அப்புவின் கையை எடுத்து, குனிந்து, தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். இதுதான் 'மானோ'. பெரியவர்களைக் கண்டால் முதல் வேலை. நான் பழக்கதோஷத்தில் காலைத் தொடக் குனிந்தேன். அப்பு பதறிப்போய், ஏதோ கீழே விழுந்துவிட்டது என்று அவரும் குனிந்து தேட ஆரம்பித்தார்.

மறுநாள் விடியலில் என்னையும் எழுப்பிவிட்டார்கள். பகோலோரின் சான் கில்லெர்மோ தேவாலயத்தில் நீங்கள் நுழைவது பழைய ஜன்னல் உயரத்தில். 1991இல் பினாட்டுபோ எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் மணலும் மலையில் தங்கி, ஒவ்வொரு மழைக்கும் சேறாக இறங்கிக்கொண்டே இருந்தது. 1995 அக்டோபர் 1 அன்று வந்த சேறு ஊரையே மூடியது. 12 மீட்டர் உயரமிருந்த கோயிலில் பாதி மண்ணுக்குள் போய்விட்டது. தோண்டி எடுக்காமல், சேறு நின்ற மட்டத்திலேயே தரை போட்டுப் பூசையைத் தொடர்ந்தார்கள். பலிபீடத்தின் பின்புறச் சிற்ப வேலைப்பாட்டை மட்டும் மண்ணிலிருந்து தோண்டியெடுத்து, கூரைக்குத் தகுந்தபடி மேலேற்றி வைத்திருக்கிறார்கள். உள்ளே நின்றால் கூரை கையெட்டும் தூரத்தில் இருப்பது போலத் தோன்றும். அப்பு ஒரு தூணைத் தட்டிக் காட்டி, "எனக்குக் கல்யாணம் நடந்தது இதற்குக் கீழே" என்றார். சும்மா விரலைக் கீழே காட்டினார், அடுத்த மாடியைக் காட்டுகிற மாதிரி.

ஊர் புதைந்த அந்த வருஷத்து டிசம்பரிலும் ஒன்பது பூசையையும் முடித்தீர்களா என்று கேட்டேன். புனர்வாழ்வு முகாமில் கூடாரத்தில் நடந்ததாம். "புத்தோ மட்டும் கிடைக்கவில்லை" என்றார். அந்தக் குறை இன்னும் அவருக்குத் தீரவில்லை.

வெளியே வந்தால் புத்தோ. 'புத்தோ பும்போங்'. இதைக் கண்ணால் பார்க்கும் வரை நான் நம்பவில்லை. அடுப்பில் கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரம். மூடியில் குத்தியிருக்கும் துளைகளில் ஒல்லி மூங்கில் குழாய்கள் நிற்கின்றன. உள்ளே ஊதா நிறத்தில் அரிசி மாவு. ஆவி குபுகுபுவென்று மேலே வந்ததும் அந்த அம்மா குழாயைத் துணியால் பிடித்து உருவி, வாழையிலை மேல் ஒரு தட்டு தட்டினார். குழாய்ப் புட்டு! விரல் தடிமனில் வழுக்கிக்கொண்டு விழுந்தது. மேலே வெண்ணெய் மாதிரி ஒன்றைத் தடவி, துருவிய தேங்காய், கறுப்புச் சர்க்கரை. வாயில் போட்டால் நம் புட்டின் உதிரி கிடையாது, ஒட்டரிசி என்பதால் மெல்ல வேண்டும். ஆனால் தேங்காயும் சர்க்கரையும் ஆவி பறக்கிற வாழையிலை வாசமும் அதேதான். எங்கள் ஊரிலும் இதற்குப் புட்டு என்றுதான் பெயர் என்று சொன்னேன். அந்த அம்மா நம்பவில்லை. சிரித்துக்கொண்டே இன்னொன்று வைத்தார்.

பக்கத்தில் 'பிபிங்கா'. வாழையிலை விரித்த மண்சட்டியில் அரிசிமாவுக் கரைசல், சட்டிக்குக் கீழே கரி, மேலே மூடியிலும் கரி. மேலும் கீழும் வெந்து வரும்போது இலையின் ஓரம் கருகி ஒரு மணம் வரும். அதன்மேல் உப்புப் போட்ட வாத்துமுட்டையை வைக்கிறார்கள். இனிப்பில் உப்பு முட்டையா என்று எனக்கு முதல் நாள் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் முட்டை இல்லாமல் கொடுத்தால் கோபம் வந்தது. குடிக்க 'சலாபாத்'. இஞ்சியைத் தட்டிப் போட்டுச் சர்க்கரையோடு கொதிக்க வைத்தது. ஆக, சிம்பாங் காபியில் காபி கிடையாது, சுக்குக் காபிக்கு ஒன்றுவிட்ட தங்கை மட்டும் உண்டு.

சாயங்காலமானால் பிள்ளைகள் பாட வருவார்கள். சோடா மூடிகளைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கிக் கம்பியில் கோத்த ஜல்ஜல், பால் டின்னில் முரசு. வாசலில் நின்று பாதிப் பாட்டைப் பாடிவிட்டு, 'பாஸ்கோ கேட்க வந்திருக்கிறோம்' என்று குரல் கொடுப்பார்கள். காசு கொடுத்தால் 'நன்றி, நன்றி, நீங்கள் ரொம்ப நல்லவர்கள்' என்று ஒரு சின்னப் பாட்டு. கொடுக்காவிட்டால் அதே மெட்டு, ஒரே ஒரு சொல் மாறும், 'நல்லவர்கள்' 'கஞ்சர்கள்' ஆகிவிடும். கொடுக்க இல்லாதவர்கள் உள்ளேயிருந்து 'மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு சொல் சொல்வார்கள். நம்மூரில் 'அடுத்த வீடு பாருப்பா' என்பதைவிட அது மரியாதையாக இருந்தது. அப்பு ஒரு டப்பாவில் சில்லறை வைத்திருந்தார். ஒரே கோஷ்டி வேறு சட்டை போட்டுக்கொண்டு இரண்டாவது முறை வந்தபோது, தெரிந்தேதான் கொடுத்தார்.

24 காலையிலிருந்தே சமையல். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து சாப்பிடும் விருந்துக்கு 'நோச்சே புவேனா' என்று பெயர். ஹாம் இல்லாமல் அது கிடையாது. வாங்கி வந்த ஹாமை அன்னாசிச் சாற்றில் வேகவைத்து இறக்கினார்கள். பிறகு அப்பு அதன்மேல் சர்க்கரையைத் தூவி, தோசைத் திருப்பி மாதிரி ஒன்றை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, சர்க்கரை மேல் அழுத்தினார். சுர்ரென்று ஒரு சத்தம், வீடெல்லாம் பாகு கருகும் வாசனை. அழுத்திய இடம் பழுப்பாகக் கண்ணாடி போல ஆனது. மறுபடி காய்ச்சல், மறுபடி அழுத்தல். முழு ஹாமும் முடிய முக்கால் மணி நேரம். வேறு யாரையும் அவர் தொடவிடவில்லை. பன்றி சாப்பிடாத எனக்காகத் தனியாக ஒரு முழுக் கோழியும், பெரிய தட்டு நிறைய நூடுல்ஸும் இருந்தன.

அப்புறம் ஸ்பகெட்டி. இத்தாலியர்கள் பார்த்தால் மனம் உடைந்துபோவார்கள். இனிப்பாக இருக்கும். உள்ளே சிவப்பு ஹாட்டாக் துண்டுகள். இனிப்புக்குக் காரணம் வாழைப்பழ கெச்சப். தக்காளி அரிதான நாட்டில் வாழைப்பழத்தில் கெச்சப் செய்து காட்டியவர் என்று மரியா ஒரோசா என்ற உணவு வேதியியலாளரைச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் படித்துவிட்டு ஊர் திரும்பி, உள்ளூர்ப் பொருட்களை வைத்தே ஆராய்ச்சி செய்தவர். போர்க்காலத்தில் சோயா மாவைச் சிறைமுகாம்களுக்கு ரகசியமாக அனுப்பியவர். 1945 பிப்ரவரியில் மணிலா சண்டையில் செத்துப்போனார். இன்று பிறந்தநாள், கிறிஸ்துமஸ் எதுவானாலும் பிள்ளைகள் முதலில் கை வைப்பது அவர் சாஸில்தான். பழ சாலட்டில் டின் பழத்தோடு நுங்கு மாதிரியே வழவழப்பாக ஒரு பனைக்கொட்டை போடுகிறார்கள். நான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

இதெல்லாம் காசு. அரசாங்கமே ஒவ்வொரு வருஷமும் நோச்சே புவேனா சாமான்களுக்கு விலைப்பட்டியல் போடுகிறது. 2025 நவம்பரில் வர்த்தகத் துறைச் செயலர், நாலு பேர் குடும்பத்துக்கு 500 பெசோ போதும் என்று சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் படித்தேன். ஆச்சிக்கு அனுப்பினேன். 'அந்தம்மாவை அப்புவிடம் அனுப்பு' என்று பதில் வந்தது.

மேசை நடுவில் 'கேசோ தே போலா'. பந்து சீஸ். குழந்தை தலை அளவுக்கு உருண்டையாக, சிவப்பு மெழுகு பூசி, நெதர்லாந்து எடாம் வகை. கிறிஸ்துமஸ் மேசையில் இது இருந்தால் வீட்டில் அந்த வருஷம் குறைவில்லை என்று அர்த்தம். இதுவும் பெட்டியில் வந்ததுதான். பாதம் வரைந்து அனுப்பிய ஷூவும் வந்திருந்தது. ஆனால் அக்டோபர் பாதம் டிசம்பரில் இல்லை. பையன் குதிகாலை மடக்கிக்கொண்டு, சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நடந்தான்.

சரியாகப் பன்னிரண்டரைக்கு அம்மா வீடியோவில் வந்தார். ஆச்சி போனை மேசை நடுவில் நிறுத்த இடம் தேடி, சீஸ் உருண்டையில் சாய்த்து வைத்தார். அம்மா சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. விடுமுறை கிடையாது. ஹாங்காங் சட்டத்தில் அப்போது வீட்டு வேலை செய்பவர்களுக்கு ஒன்று கிறிஸ்துமஸ், இல்லாவிட்டால் சீனர்களின் குளிர்காலத் திருநாள், இரண்டில் ஒன்றுதான் விடுமுறை. எது என்று தேர்ந்தெடுப்பது முதலாளி. இவருக்கு அந்த வருஷம் 22ஆம் தேதி கிடைத்திருந்தது. நாளைக்கு அவர்கள் வீட்டில் பன்னிரண்டு பேருக்கு விருந்து.

தம்பியும் இல்லை. கால் சென்டர். மணிலாவின் நள்ளிரவு என்றால் நியூயார்க்கில் 24ஆம் தேதி காலை 11 மணி, கடைசி நேரத்தில் பொருள் வாங்குகிறவர்களின் அழைப்பு குவிகிற நேரம். 25 பிறந்த பிறகு வேலை செய்தால் இரட்டைச் சம்பளம். அதை விட மனமில்லை என்று போய்விட்டான்.

போனில் அம்மா ஒவ்வொரு தட்டாகக் காட்டச் சொன்னார். ஹாமின் மேல்பக்கத்தைப் பார்த்துவிட்டு, ஒரு மூலை சரியாகக் கருகவில்லையே என்றார். அப்பு சண்டைக்குப் போய்விட்டார். பையன் ஷூவோடு நடந்து காட்டினான். என்னையும் காட்டினார்கள். கோழி நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். நாற்பது நிமிஷம். போனை எடுத்தால் படம் ஆடும் என்பதால் யாரும் சீஸைத் தொடவில்லை. அழுகை இல்லை. பேச்செல்லாம் விலை, எடை, யார் பிள்ளைக்கு எத்தனை கிலோ. கடைசியில் அந்தப் பக்கம் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டே "போயிட்டு வர்றேன்" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். படம் நின்றது.

இப்போதாவது சீஸை வெட்டுவார்கள் என்று நான் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். அப்பு அதைத் தூக்கிக்கொண்டுபோய்த் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார். புத்தாண்டுக்கு என்றார் ஆச்சி. புத்தாண்டு இரவு மேசையில் உருண்டையாக இருப்பவை வேண்டும், பன்னிரண்டு வகைப் பழம், நாணயம், புள்ளி போட்ட சட்டை எல்லாம், செல்வம் உருண்டு வருமாம். சீஸும் அதில் ஒன்று.

25 காலை ஏழு மணிக்கே வாசலில் வரிசை. அப்பு நாற்பது பேருக்கு ஞானத்தாய். ஒரு ஞானஸ்நானத்துக்கு எட்டு பத்துப் பேரை ஞானப்பெற்றோராக நிறுத்தும் ஊரில் இது அதிகம் இல்லை என்றார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, கையை எடுத்து நெற்றியில் வைத்து, உறையை வாங்கிக்கொண்டு போனார்கள். உள்ளே புது நோட்டு, மடிப்பு விழாதது. அதற்கென்றே வங்கியில் முன்கூட்டி வாங்கி வைப்பார்கள். கொடுக்க முடியாத ஞானத் தந்தைகள் டிசம்பரில் தலைமறைவாகிவிடுவார்கள் என்பது நாடு தழுவிய நகைச்சுவை. எதிர்வீட்டு மாமா அன்று முழுக்கக் கதவைத் திறக்கவில்லை. மாலையில் கொல்லைப்புறமாக வந்து எங்களோடு சாப்பிட்டார்.

எட்டரைக்குத் தம்பி வந்தான். கையில் அலுவலகத்தில் கொடுத்த ஹாம் பொட்டலம். மானோ வைத்துவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்து தூங்கிப்போனான். பிள்ளைகள் அவனைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

நான் கிளம்பும்போது அப்பு மூன்று ஃபாயில் பொட்டலம் கொடுத்தார். விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அதிலும் சீஸ் இல்லை.

பிப்ரவரியில் சென்னை திரும்பிவிட்டேன். ஏப்ரலில் ஆச்சியிடமிருந்து ஒரு படம் வந்தது. அம்மாவின் இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்து, அடுத்ததற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நடுவில் இரண்டு வாரம் ஊருக்கு வந்திருக்கிறார். வெயில் காலம், ஜன்னலில் பரோல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மேசையில் சிவப்பு மெழுகு ஆரஞ்சுத் தோல் மாதிரி சுருள் சுருளாகக் கிடந்தது. ஒரு பெண்ணின் கை கத்தியோடு. புத்தாண்டுக்கும் வெட்டவில்லையா என்று கேட்டேன். அப்பு விடவில்லையாம். ஓரம் கொஞ்சம் காய்ந்துபோயிருந்ததாம், உப்பும் கூடுதலாம், சூடான ரொட்டியில் வைத்து முழுவதையும் இரண்டே நாளில் தின்று தீர்த்துவிட்டார்களாம்.